பாட்டியை மறைத்த தேசங்கள்

ரியோ டி ஜெனீரோ நகரத்துத் தேசிய நுண்கலைக்கூடத்திலே, ஸ்பெயினிலே பிறந்து பிரேஸிலில் குடியேறிய மொடெஸ்டோ பிரோக்கோஸ் என்னும் சித்திரக்காரர் 1895-ஆம் ஆண்டில் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. எளிய வீடு ஒன்றின் வாசலில் வெறுங்காலுடன் நிற்கும் கறுப்பு மூதாட்டி ஒருத்தி, இரு கரங்களையும் வானை நோக்கி உயர்த்தித் தெய்வத்துக்கு நன்றி செலுத்துகிறாள். அவளருகே உட்கார்ந்திருக்கும் மாநிற மகளின் மடியிலே வெள்ளை வெளேரென்ற குழந்தை ஒன்று இருக்கிறது. அக்குழந்தைக்குத் தகப்பனான வெள்ளையன் வாசற்படியில் அமர்ந்து, தன் காரியம் நிறைவேறிய திருப்தியோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்று தலைமுறைக்குள் தன் நிறம் தன் சந்ததியை விட்டு நீங்கிப் போயிற்றே என்பதுதான் மூதாட்டியின் நன்றிக்குக் காரணம். 'காமின் மீட்சி' என்பது படத்தின் பெயர். நோவாவின் மகனான காமின் வம்சத்தின்மேல் சாபம் விழுந்ததென்றும், அந்த வம்சமே ஆப்பிரிக்கர் என்றும் அடிமை வியாபாரத்துக்கு நியாயம் தேடியவர்கள் வெகுகாலம் பிரசாரம் செய்துவந்தார்கள். அந்தச் சாபத்திலிருந்து விமோசனம் என்பது பேரக் குழந்தை வெள்ளையாகப் பிறப்பதே என்று படம் சொல்கிறது.

சித்திரக்காரர் ஒருவரின் தனிப்பட்ட கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1911-ஆம் ஆண்டு லண்டனில் உலக இனங்களின் மகாநாடு கூடியபோது, பிரேஸிலின் பிரதிநிதியாகச் சென்ற ஜோவாவ் பாட்டிஸ்டா டி லஸெர்டா என்ற விஞ்ஞானி, ரியோவின் தேசிய அருங்காட்சியகத்துக்கே தலைவராக இருந்தவர், இதே படத்தைத் தம் கட்டுரையோடு சேர்த்துக்கொண்டு, இன்னும் ஒரு நூற்றாண்டு கழிந்தால் தம் தேசத்தில் கறுப்பர் என்ற ஜாதியே இராது என்று சபையோர் அறியக் கூறினார். அவர் குறித்த நூற்றாண்டு கழிந்து, 2022-ஆம் ஆண்டில் பிரேஸில் தன் மக்களை எண்ணியபோது, தங்களைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்டோர் நூற்றுக்குப் பத்துப் பேர், கலப்பு நிறத்தோர் என்று சொல்லிக்கொண்டோர் 45 பேர், வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டோர் 43 பேருக்குச் சற்றே அதிகம். பெலேயை உலகத்துக்குத் தந்த தேசம் எவ்வளவு பெரிய பொய்யைத் தன் எதிர்காலமாக எழுதி வைத்திருந்தது!

இந்தக் கட்டுரை அந்த மூதாட்டியின் சந்ததியைப் பற்றியது. ஸ்பானிய மொழியோ போர்ச்சுகீஸ் மொழியோ பேசும் தேசங்களில், ஆப்பிரிக்க ரத்தமும் அந்த மொழிகளின் பண்பாடும் ஒருங்கே வாய்த்துப் பிறந்தவர்களை ஆப்பிரிக்க லத்தீனியர் என்கிறோம். அமெரிக்கக் கறுப்பர் என்றதும் மிஸிஸிப்பிப் பருத்திக் காடுகளும் மார்ட்டின் லூதர் கிங்கும் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிக் கரையேற்றப்பட்ட ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம் அடிமைகளில், இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் நிலப்பரப்புக்கு நேராக வந்து சேர்ந்தோர் சுமார் 4 லட்சம் பேரே. பிரேஸிலுக்கு மட்டும் 48 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டார்கள். ஸ்பானிய ராஜ்யத்தின் குடியேற்றங்களுக்கு, பிற தீவுகளின் வழியாக விற்கப்பட்டோரையும் சேர்த்தால், 20 லட்சம் பேர். லத்தீன் அமெரிக்க ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்கு, அதாவது 13 கோடிக்கும் மேற்பட்டோர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இத்தனை பெரிய ஜனசமூகம் கண்ணுக்குத் தெரியாமற் போனது எப்படி என்பதுதான் கேள்வி.

முதலாவது, அது வீட்டுக்குள்ளேயே நடந்தது. புவேர்ட்டோ ரிக்கோவின் கவிஞர் ஃபோர்த்துனாத்தோ விஸ்கர்ரொண்டோ 1942-இல் வெளியிட்ட கவிதை ஒன்றில், தன்னைக் கறுப்பன் என்று ஏளனம் செய்யும் வெளிறிய நிறத்தானைப் பார்த்துக் கறுப்பன் ஒருவன், உன் பாட்டி எங்கே என்று திருப்பிக் கேட்கிறான்; தன் தாய் கூடத்திலே எல்லோரும் காண அமர்ந்திருக்க, அவன் பாட்டியோ விருந்தினர் கண்ணில் படாதபடி அடுக்களையில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறாள் என்பது அதன் சாரம். அந்தத் தீவில் இக்கவிதையை அறியாதவர் அபூர்வம். ஒவ்வொரு குடும்பமும் தன் அடுக்களையை நினைத்துக்கொள்ளும்படி அது அமைந்துவிட்டது. கரீபியன் தேசங்களின் வீடுகளில், கல்யாண வயது வந்த பிள்ளைகளுக்கு, நம்மைவிட நிறம் வெளிறிய இடத்தில் சம்பந்தம் செய்து இனத்தை மேம்படுத்து என்று பெரியவர்கள் புத்தி சொல்வது பரம்பரை வழக்கம். சுருட்டை முடி கெட்ட முடி, நேரான முடி நல்ல முடி. ஐந்து வயதுப் பெண் குழந்தையின் தலையில் ரசாயனக் களிம்பைத் தடவி எரிச்சலில் அழ வைத்து முடியை நீட்டும் தாய், அந்தக் குழந்தையின்மேல் உயிரையே வைத்திருப்பவள்; பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் உலகம் தன் மகளை எப்படி நடத்தும் என்று தன் அனுபவத்தால் அறிந்தவள். அன்பின் கையாலேயே அவமானம் ஊட்டப்படும் இந்த நிலைமைதான், சட்டத்தால் இழைக்கப்பட்ட கொடுமையைக் காட்டிலும் பேசுவதற்குக் கடினமானது என்று நான் நினைக்கிறேன்.

இந்த அவமானத்துக்கு நீண்ட பூர்வோத்தரம் உண்டு. ஸ்பானிய ஆட்சியில் மனிதன் பிறந்த உடனே அவனுடைய ரத்தத்தின் அளவு கணிக்கப்பட்டு ஞானஸ்நான ஏட்டில் ஏறியது. எந்த ஏட்டில் பெயர் ஏறியதோ அதைப் பொறுத்தே அவன் படிக்கலாமா, குருவாகலாமா, பட்டுடை உடுத்தலாமா என்பதெல்லாம் தீர்மானமாயிற்று. ஸ்பானியனுக்கும் கறுப்பிக்கும் பிறந்த பிள்ளை இன்னது, அப்பிள்ளைக்கும் ஸ்பானியனுக்கும் பிறந்தது இன்னது என்று தாய், தகப்பன், குழந்தை என்ற மும்மூர்த்திகளாக வரைந்து, பெரும்பாலும் பதினாறு படங்களாகத் தொகுத்து, பதினெட்டாம் நூற்றாண்டு மெக்ஸிக்கோவில் விற்றார்கள். நிறத்தின் தாழ்வைப் பணத்தால் நிவர்த்தி செய்துகொள்ளவும் வழி இருந்தது. 1795-ஆம் ஆண்டு அரசாங்கம் வெளியிட்ட விலைப்பட்டியலின்படி, கலப்பு நிறத்தான் ஒருவன் 500 ரியால் செலுத்தினால் அந்த நிறத்தின் இழிவிலிருந்து விலக்களித்து ராஜமுத்திரையோடு கூடிய பத்திரம் கிடைக்கும். வெண்மை கடைச்சரக்கான அந்த உலகத்தில், பாட்டியை மறைப்பது குடும்பத்தின் சொத்தைக் காப்பதற்குச் சமானமாயிற்று.

சுதந்திரம் வந்தபோது இந்த ஏடுகள் தூக்கியெறியப்பட்டன. மெக்ஸிக்கோ 1822-லேயே அரசாங்கப் பத்திரங்களில் ஜாதி குறிக்கலாகாது என்று ஆணையிட்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான விசென்ட்டே கெர்ரேரோ 1829-இல் ஜனாதிபதியாக இருந்து அடிமை முறையை ஒழித்தார். உத்தமமான நோக்கம் அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏடுகள் மறைந்ததால் ஏற்றத்தாழ்வு மறையவில்லை. ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டும் சாட்சிதான் மறைந்தது. பிரேஸிலில் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி அடிமைகள் விடுதலை பெற்றார்கள், அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக. அடுத்த மூன்றாண்டுக்குள் நிதி மந்திரி ரூய் பார்போஸா, அடிமை முறை சம்பந்தமான கருவூலப் பதிவுகளை எரித்துவிட உத்தரவிட்டார். எஜமானர்கள் நஷ்டஈடு கோரி வழக்காடாதிருக்கச் செய்த யுக்தி இது என்று வாதிப்போர் உண்டு, இருக்கலாம். எனினும், தன் பாட்டனின் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான், என்ன விலைக்குப் போனான் என்று தேடும் பேரனுக்கு, அந்தத் தீயில் வெந்து போனது எஜமானனின் கணக்கு மாத்திரம் அன்று.

பிறகு வந்தது கலப்பின் புகழ்ச்சி. மெக்ஸிக்கோவின் கல்வி மந்திரியாக இருந்த ஹோஸே வாஸ்கொன்ஸெலோஸ் 1925-இல் எழுதிய நூலொன்றில், எல்லா இனங்களும் ஒன்றாகக் கலந்து பிறக்கப்போகும் பிரபஞ்ச இனத்தைத் தீர்க்கதரிசனம்போல் வருணித்தார். இனத்துவேஷம் உலகத்தைச் சூழ்ந்திருந்த காலத்தில் அது எத்தனையோ இளைஞர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆயினும் நூலை ஊன்றிப் படிப்போர் காண்பது, அந்தக் கலப்பில் கறுப்பரின் பங்கு காலப்போக்கில் கரைந்து காணாமற் போவதே என்பதைத்தான். நாங்கள் எல்லோரும் கலந்தவர்கள், ஆகவே இங்கே இனபேதம் கிடையாது என்ற வாக்கியம் தேசத்துக்குத் தேசம் வேதவாக்காயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பன் உட்காரக் கூடாத ஆசனத்தின்மேல் பலகை தொங்கியது. பலகையைக் காட்டி அவன் போராட முடிந்தது. லத்தீன் தேசங்களில் பலகை இல்லை. அநீதியைச் சொன்னவனே பேதத்தை உண்டாக்கியவன் ஆனான்.

கியூபாவின் சரித்திரம் இதற்குப் பிரத்தியட்ச உதாரணம். லத்தீன் உலகத்தின் பள்ளிப் பாடங்களில் இது போதிய இடம் பெறவில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைச் சேனையில் பெரும்பகுதி கறுப்பரும் கலப்பு நிறத்தாரும்தான். 1896-இல் போர்க்களத்தில் வீழ்ந்த தளபதி அந்தோனியோ மாஸேயோ அவர்களுள் சிரேஷ்டர். குடியரசு பிறந்தபின் உத்தியோகங்களும் பதவிகளும் வெள்ளையர்களுக்கே போவதைக் கண்டு மனம் புழுங்கிய பழைய போர்வீரர் எவரிஸ்டோ எஸ்தெனோஸ், 1908-ஆம் ஆண்டில் தம் தோழர்களோடு நிறத்தாரின் சுயேச்சைக் கட்சி என்ற ஒன்றைத் தொடங்கினார். 1910-இல் ஒரே இனத்தாரைக் கொண்ட கட்சி எதுவும் சட்டவிரோதம் என்று தடை வந்தது. சமத்துவத்தின் பெயரால் அந்தத் தடையைக் கொண்டுவந்த செனட்டர் மார்ட்டின் மொருவா டெல்காடோ அவர்களும் ஆப்பிரிக்க ரத்தம் உடையவரே. தடையை நீக்கக் கோரி 1912-ஆம் ஆண்டு மே மாதம் கட்சியினர் ஆயுதம் ஏந்தியபோது, கிழக்கு மாகாணத்துக்குச் சேனை அனுப்பப்பட்டது. கட்சியில் சேர்ந்தவர், சேராதவர் என்ற விசாரணையின்றி, கறுப்பு நிறம் ஒன்றையே குற்றமாகக் கொண்டு, கிராமம் கிராமமாகக் கொன்றார்கள். மாண்டோர் தொகையை ஆயிரக்கணக்கில்தான் சரித்திரக்காரர் மதிப்பிடுகின்றனர். எஸ்தெனோஸும் அவருடைய துணைவர் பெத்ரோ இவொன்னெட்டும் கொல்லப்பட்டார்கள். நிறபேதமே இல்லை என்று சொல்லிக்கொண்ட குடியரசு, நிறத்தைப் பார்த்தே தன் குடிமக்களைச் சுட்டது. அடுத்த பல ஆண்டுகளுக்கு அதைப் பற்றிப் பொதுவில் பேசுவதும் அநாகரிகம் என்று ஆயிற்று.

ஆனால் எங்கும் எல்லோரும் கரைந்துவிடவில்லை. கொலம்பியாவின் கார்ட்டஹேனா துறைமுகம் ஒரு காலத்தில் ஸ்பானிய அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், குன்றுகளின் அடிவாரத்தில், சான் பாஸிலியோ டி பலென்கே என்ற ஊர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கார்ட்டஹேனாவிலிருந்து தப்பியோடிய பென்கோஸ் பியோஹோ என்ற வீரரைத் தங்கள் மூலபுருஷராக அவ்வூரார் போற்றுகிறார்கள். சதுப்பு நிலத்தில் அரண் அமைத்து, தப்பி வருவோருக்கெல்லாம் அடைக்கலம் தந்து, ஆளுநரின் படையைத் திரும்பத் திரும்ப முறியடித்த அவரோடு ஸ்பானியர் சமாதானம் பேசி, பின் அந்த வாக்கை மீறி அவரைப் பிடித்து, 1621-இல் தூக்கிலிட்டார்கள். அவருடைய வழியில் வந்தோரை அடக்க முடியாமல், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சியாளரே அவர்களுடைய சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. கொலம்பியக் குடியரசு அடிமை முறையை ஒழிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே சுதந்திர மனிதர்களின் ஊர் அது.

அந்த ஊர் தனக்கென்று ஒரு பாஷையை வைத்திருக்கிறது. சொற்களில் பெரும்பாலானவை ஸ்பானியம். உள்ளோட்டத்தில் காங்கோ நதிப் பிரதேசத்தின் கிகோங்கோ மொழி ஓடுகிறது. ஒருவர் இறந்தால் ஒன்பது இரவு துக்கம் காத்து, முரசறைந்து, பெண்கள் பாடியாடி, ஆவியை மூதாதையரிடம் வழியனுப்பும் லும்பலு என்ற சடங்கு இன்னும் நடக்கிறது. ஒத்த வயதினர் சிறு பிராயத்திலேயே ஒரு குழுவாகச் சேர்ந்து ஆயுள் முழுதும் ஒருவருக்கொருவர் கடமைப்படும் ஏற்பாடும் அங்கு உண்டு. இவ்வளவும் வெகுகாலம் பரிகாசத்துக்கு இடமாயிருந்தன. பழங்களையும் இனிப்புகளையும் தலையிலே சுமந்து கார்ட்டஹேனாத் தெருக்களில் விற்கப்போன பெண்களின் பேச்சை நகரத்தார் உடைந்த ஸ்பானியம் என்று நகைத்தார்கள். பிள்ளைகளும் அந்த நகைப்புக்கு ஆளாகாதிருக்கட்டும் என்று பெற்றோர் வீட்டிலும் அந்தப் பாஷையை விட்டுவிட்டார்கள். 1972-இல் அவ்வூர்ப் பிள்ளையான கிட் பம்பெலே குத்துச்சண்டையில் உலக வீரர் பட்டம் வென்று தேசமே கொண்டாடிய பிறகுதான் ஊருக்கு மின்சார விளக்கு வந்தது என்றால், அதுவரை அரசாங்கம் அவர்களை எவ்வாறு நினைத்திருந்தது என்பது விளங்கும். பின்பு ஊரின் படித்த இளைஞர்களே முன்னின்று பாஷையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ அவ்வூரின் பண்பாட்டை மானிடத்தின் அரும்பெரும் செல்வங்களுள் ஒன்றாகப் பிரகடனம் செய்தது. இன்று கார்ட்டஹேனாவுக்குப் போகும் உல்லாசப் பிரயாணிகள் வண்ணப் பாவாடை அணிந்த பழக்காரப் பெண்களோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்துக்குக் காசு கொடுப்பதோடு அவர்கள் கடமை தீர்ந்துவிடுகிறது. அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு அதே நகரத்து அலுவலகங்களில் கதவு திறக்கிறதா என்று கேட்பவர் சிலரே.

பலென்கே ஊரார் தங்கள் சரித்திரத்தைச் சடங்கிலும் பாட்டிலும் காத்தார்கள். காகிதத்தில் தேடிக் காத்தவர் ஒருவர் உண்டு. அவரை நான் இந்த விஷயத்தின் ரிஷி என்றே மதிக்கிறேன். ஆர்த்துரோ அல்ஃபோன்ஸோ ஷோம்பர்க் 1874-ஆம் ஆண்டு புவேர்ட்டோ ரிக்கோவில், தலைநகரை அடுத்த ஸான்ட்டூர்ஸேயில் பிறந்தார். தகப்பன் வழியில் ஜெர்மானியப் பெயர், தாயோ செயிண்ட் குரோய் தீவைச் சேர்ந்த கறுப்புப் பெண்மணி. கறுப்பருக்குச் சரித்திரமும் இல்லை, வீரரும் இல்லை என்று சிறு வயதில் வகுப்பாசிரியர் ஒருவர் கூறியதே தம்மைத் தேடத் தூண்டியதாக அவர் சொன்னார் என்பர். 1891-இல் நியூயார்க் சென்று, கியூபாவையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் விடுவிக்கப் பாடுபட்ட சங்கங்களில் உழைத்தார். 1898-இல் ஐக்கிய அமெரிக்கா அத்தீவுகளைக் கைப்பற்றியபின் அந்தக் கனவு கலைந்தபோது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பர்களோடு தம் வாழ்வை இணைத்துக்கொண்டு, ஆர்தர் ஷோம்பர்க் ஆனார்.

பகலில் வங்கியொன்றின் தபால் பிரிவில் குமாஸ்தா வேலை; சம்பளத்தில் மிஞ்சியதெல்லாம் புத்தகக் கடைக்காரர்களுக்கு. உலகத்தின் எந்த மூலையில் கறுப்பர் எழுதியதோ கறுப்பரைப் பற்றியதோ கிடைத்தாலும் வாங்கினார். 1911-இல் நண்பர் ஜான் எட்வர்ட் புரூஸோடு சரித்திர ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றை நிறுவினார். கறுப்பர் தம் இறந்த காலத்தைத் தாமே தோண்டியெடுக்க வேண்டிய அவசியத்தைப் பற்றி 1925-இல் எழுதிய அவரது வியாசம் இன்றும் படிக்கப்படுகிறது. 5,000-க்கும் அதிகமான நூல்களும் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும் சித்திரங்களும் கொண்ட அவருடைய களஞ்சியத்தை 1926-இல், கார்னெகி நிதியத்தின் 10,000 டாலர் உதவியோடு நியூயார்க் பொது நூலகம் வாங்கியது. கையில் பணம் வந்ததும் அவர் போனது ஸ்பெயினுக்கு. அங்கே, வெலாஸ்கேஸ் என்ற மகா சித்திரக்காரரின் அடிமையாயிருந்து, 1650-இல் விடுதலைப் பத்திரம் பெற்று, தாமே சித்திரக்காரராக விளங்கிய ஹுவான் டி பாரெஹா வரைந்த, மத்தேயு அழைக்கப்படும் காட்சியை மாட்ரிட் நகரத்தில் நின்று கண்ணாரக் கண்டார். அவர் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி நிலையம் ஹார்லெமின் 135-ஆம் வீதியில் இன்றும் இயங்குகிறது. ஷோம்பர்க் புவேர்ட்டோ ரிக்கோவை விட்டுவிட்டார் என்று சிலரும், அமெரிக்கக் கறுப்பரின் பெருமை அவர் என்று சிலரும் அவரைத் தத்தம் பக்கம் இழுத்துப் பார்க்கிறார்கள். அவருடைய அலமாரிகளில் ஸ்பானிய நூலும் ஆங்கில நூலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்பதே இந்த வழக்குக்குப் போதிய தீர்ப்பு.

ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆப்பிரிக்க லத்தீனியர் இருமுனையிலும் அந்நியராகும் துயரம் அன்றும் இன்றும் உண்டு. பேஸ்பால் ஆட்டத்தில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவராக விளங்கிய புவேர்ட்டோ ரிக்கோ வீரர் ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே, 1955-இல் பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்தபோது, ஃபுளோரிடாவின் பயிற்சிக் காலத்தில் வெள்ளைத் தோழர்கள் உணவகத்துக்குள் உண்ண, கறுப்பு வீரர்களோடு பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே எழுத்துப் பிழையோடு அச்சிட்டுச் சிரித்தார்கள். ரொபெர்ட்டோ என்ற பெயரைக் கேட்காமலே 'பாப்' ஆக்கினார்கள். கறுப்பன் என்று ஒரு முறை, ஸ்பானியம் பேசுபவன் என்று மறு முறை, ஒரே நாளில் இரண்டு அவமதிப்பு. 1971-இல் தம் அணி பட்டம் வென்ற வேளையில், தேசமே பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியில், முதலில் ஸ்பானிய மொழியில் தம் பெற்றோரை நோக்கிப் பேசினார். அடுத்த ஆண்டின் கடைசி நாளன்று, பூகம்பத்தால் அழிந்த நிக்கராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்ததில் மாண்டார், வயது 38.

இன்று ஐக்கிய அமெரிக்காவில் ஆப்பிரிக்க லத்தீனியராகத் தங்களைக் கருதும் வயதுவந்தோர் சுமார் 60 லட்சம் பேர், லத்தீனியர்களில் எட்டில் ஒருவர் வீதம், என்று பியூ ஆராய்ச்சி நிலையம் 2020-ஆம் ஆண்டின் ஆய்வைக் கொண்டு கணித்திருக்கிறது. அவர்களை விண்ணப்பப் படிவங்கள் படுத்தும் பாடு தனிக் கதை. லத்தீனியரா என்று ஒரு கேள்வி, என்ன இனம் என்று மறு கேள்வி எனப் பல ஆண்டுகள் இருந்த முறையை மாற்றி, இரண்டையும் ஒரே கேள்வியாக இணைக்க 2024-இல் அந்த அரசாங்கம் முடிவு செய்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தில் குறியிடலாம் என்பது உண்மையே. ஆயினும் லத்தீனியர் என்பதையே ஓர் இனமாக ஆக்கி, கறுப்பர் என்ற கட்டத்துக்குப் போட்டியாக அருகில் நிறுத்தினால், பலர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று ஆப்பிரிக்க லத்தீனிய அறிஞர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம்.

எண்ணப்படாதவனுக்குப் பள்ளிக்கூடமும் வராது, வைத்தியசாலையும் வராது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பானியரைக் காட்டிலும் ஆப்பிரிக்கர் அதிகமாக இருந்த மெக்ஸிக்கோவில், கெர்ரேரோ, வஹாக்கா மாநிலங்களின் பசிபிக் கரையோரத்தில் கறுப்புக் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து வேலை தேடி வெளியூர் போகிறவனைப் போலீஸார் பஸ்ஸிலிருந்து இறக்கி, மெக்ஸிக்கோவில் கறுப்பர் ஏது, நீ எந்த நாட்டவன் என்று கேட்டு, தேசிய கீதத்தைப் பாடிக் காட்டச் சொன்ன சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன. டிரினிடாட் தீவிலிருந்து வந்து அங்கே பங்குத் தந்தையாக இருந்த கிளின் ஜெம்மொட் என்ற பாதிரியார், 1997-இல் எல் சிருவேலோ என்னும் சிற்றூரில் கறுப்புக் கிராமங்களின் முதல் சந்திப்பைக் கூட்டினார்; எங்களை எண்ணுங்கள் என்ற கோரிக்கை அதிலிருந்து வளர்ந்தது. 2019-இல் அரசியல் சாசனம் அவர்களை அங்கீகரித்தது; 2020-இன் முழுக் குடிக்கணக்கில் 25 லட்சத்து 76 ஆயிரம் பேர் தங்களை ஆப்பிரிக்க மெக்ஸிக்கர் என்று முதன்முறையாகப் பதிவு செய்தார்கள்.

எண்ணுவதிலும் அநீதி நுழையக் கூடும். கொலம்பியாவில் 2005-இல் 43 லட்சமாக இருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர், 2018-இன் கணக்கில் 30 லட்சமாகக் குறைந்து நின்றார்கள். யுத்தமோ கொள்ளைநோயோ பதின்மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோகவில்லை. கணக்கெடுப்போர் பல ஊர்களுக்குச் செல்லவில்லை, சென்ற இடங்களிலும் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. விஷயம் அரசியல் சாசன நீதிமன்றம்வரை சென்று, அந்த மக்களின் உரிமை மீறப்பட்டது என்று 2022-இல் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு, காவ்கா மாகாணத்துச் சுரங்கக் கிராமத்தில் பிறந்து, வீட்டு வேலை செய்து பிழைத்து, தம் ஊரின் நதியைக் கள்ளத் தங்கச் சுரங்கங்கள் நாசமாக்குவதை எதிர்த்து 2014-இல் பெண்களைத் திரட்டித் தலைநகரம் நோக்கி நடந்த ஃப்ரான்சியா மார்க்கெஸ், தேசத்தின் உபஜனாதிபதி ஆனார். அந்தப் பதவியில் கறுப்புப் பெண் ஒருத்தி அமர்ந்தது அதுவே முதல் தடவை.

இத்தனை முன்னேற்றத்துக்கும் நடுவே தீராத காயம் ஒன்று உண்டு. டொமினிக்கன் குடியரசு இருக்கும் தீவில்தான் அமெரிக்கக் கண்டங்களின் முதல் ஆப்பிரிக்க அடிமைகள் இறக்கப்பட்டார்கள். 1520-களின் தொடக்கத்திலேயே கொலம்பஸின் மகனுடைய கரும்புத் தோட்டத்தில் அவர்கள் கலகம் செய்தார்கள். அந்த மண்ணை 1930 முதல் 1961 வரை ஆண்ட சர்வாதிகாரி ட்ருஹியோவின் தாய்வழிப் பாட்டி ஹெய்தி வம்சத்தைச் சேர்ந்தவள். அவனோ முகத்துக்குப் பவுடர் பூசி நிறத்தை வெளிறச் செய்துகொண்டு, 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் எல்லைப் புறத்து ஹெய்தியரை ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்ல உத்தரவிட்டான். பதினாறாம் நூற்றாண்டிலேயே பெரும்பாலும் அழிந்துபோன பூர்வகுடி இந்தியரின் பெயரை, அடையாளச் சீட்டுகளில் கலப்பு நிறத்தாருக்கெல்லாம் நிறமாக எழுதிக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கா என்பது எல்லைக்கு அப்பால் ஹெய்தியில் இருக்கும் வஸ்து என்று ஜனங்கள் நம்பலானார்கள்.

அந்த நம்பிக்கையின் கொடிய பலன் 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிப்பட்டது. 1929-க்குப் பிறகு உரிய குடியேற்றப் பத்திரமில்லாத அந்நியருக்குப் பிறந்தவர் எவரும் குடிமக்கள் அல்லர் என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் விதித்தது. கரும்பு வெட்ட அத்தேசத்து ஆலைகளே அழைத்துவந்த ஹெய்தித் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரர்களும், ஸ்பானியம் தவிர வேறு மொழி அறியாதவர்கள், லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஒரே நாளில் தேசமற்றவர்களானார்கள். உலகத்தின் கண்டனத்துக்குப் பின் 2014-இல் வந்த சட்டம் அவர்களில் ஒரு பகுதியினருக்கே வழி செய்தது. மற்றவர்கள் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதவும், கல்யாணத்தைப் பதிவு செய்யவும், பெற்ற பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் வாங்கவும் இயலாமல் நிற்கிறார்கள். அந்தத் தீர்ப்பு அடியோடு நீக்கப்பட்டு, பறிக்கப்பட்ட குடியுரிமை ஒருவர் விடாமல் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் நீதி ஆகாது.